மின்னழுத்தச் சாயப் பதிவு சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் தேடும் வழிமுறை

செல்லின் சவ்வு மின்னழுத்தத்தை, அது மாறும்போது ஒளிர்வு மாறும் சாயம் கொண்டு அளக்கும்போது எது கெட்டாலும் பழி முதலில் சாயத்தின் மேல்தான் விழுகிறது. புதுக் குப்பி வரவழைக்கிறார்கள், அதிலும் அதே கோளாறு. சாயம் உண்மையிலேயே கெட்டிருப்பது குறைவு. ஒளிமூலம், ஃபில்டர், கேமரா அமைப்பு, செல்லுக்குள் நழுவிப்போன சாயம், மாதிரியின் அசைவு ஆகியவையே பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம். இவற்றைச் சோதிக்கப் பெரிதாகச் செலவும் ஆகாது.

இங்கே பெரும்பகுதி டை-4-அனெப்ஸ், டை-8-அனெப்ஸ் போன்ற, மின்னழுத்த மாற்றத்தை உடனுக்குடன் காட்டும் வேகச் சாயங்களைப் பற்றியது. டைபேக், டிஸ்க்3(5) போன்ற மெதுவான சாயங்களின் கோளாறுகள் வேறு வகை என்பதால் அவற்றுக்குத் தனிப் பகுதி இருக்கிறது.

## எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று பதிவுகள்

வழக்கமான ஃபிரேம் வேகத்தில் ஒவ்வொன்றும் 10 விநாடி போதும்.

1. ஒளிமூலம் அணைந்திருக்கும்போது ஒரு பதிவு. கேமராவின் இரைச்சலும் அறை வெளிச்சத்தின் கசிவும் இதில் தெரியும்.
2. சாயம் ஏற்றாத மாதிரியை வைத்து, ஒளியைப் போட்டு ஒரு பதிவு. திசுவின் சொந்த ஒளிர்வும் ஃபில்டர் வழியாகத் தப்பிவரும் தூண்டு ஒளியும் இதில் தெரியும்.
3. சிவப்பாக ஒளிரும் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை மாதிரி இருக்கும் இடத்தில் வைத்து, ஒளியைப் போட்டு ஒரு பதிவு. அது உயிரற்றது, சுருங்காது. ஆகவே இதில் தெரியும் ஆட்டம் எல்லாம் ஒளிமூலத்தினுடையது அல்லது மேசையினுடையது.

மூன்றின் சராசரி மதிப்பையும் ஏற்ற இறக்கத்தையும் எழுதி வையுங்கள். பின்னால் வரும் சோதனைகளில் பாதி இந்த எண்களைத்தான் கேட்கும்.

எவ்வளவு சிக்னலை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அனெப்ஸ் வகைச் சாயங்கள் ஒற்றைச் செல்லில் 100 மில்லிவோல்ட் மாற்றத்துக்கு ஏறத்தாழ 10 சதவீத ஒளிர்வு மாற்றம் தரும். இதயத் திசுவில் ஒரு செயல்நிலை மின்னழுத்தத்துக்கு, அதாவது செல்லின் ஒரு மின் துடிப்புக்கு, சில சதவீதம் கிடைத்தால் நல்ல பதிவு. உயிருள்ள மூளைப் புறணியில் அது 0.1 சதவீத அளவுக்குச் சுருங்கிவிடும். 30 சதவீதம் வருகிறதென்றால் மகிழ வேண்டாம், அசைவுப் பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: ஒளிர்வே இல்லை, அல்லது மிக மங்கல்

முதலில் சாயமா, ஒளியமைப்பா என்று பிரியுங்கள். ஒரு மில்லிலிட்டர் வெறும் நீரில் 1 மைக்ரோலிட்டர் ஸ்டாக் கரைசலை, அதாவது செறிவாகக் கரைத்து வைத்த சாயத்தை, விடுங்கள். இன்னொரு குழாயில் 1 சதவீத சோப்புக் கரைசல், அதாவது எஸ்டிஎஸ் அல்லது ட்ரைட்டான், ஒரு மில்லிலிட்டர் எடுத்து அதிலும் அதே அளவு விடுங்கள். இரண்டையும் மைக்ரோஸ்கோப்பில் அதே ஃபில்டரோடு பாருங்கள். அனெப்ஸ் சாயம் நீரில் ஏறக்குறைய ஒளிராது, கொழுப்பு போன்ற சூழலில்தான் ஒளிரும்.

*சோப்புக் கரைசல் பளிச்சென்று ஒளிர்ந்தால்:* சாயமும் ஒளியமைப்பும் நலம். சாயம் செல்லில் ஏறவில்லை. சீரம் கலந்த ஊடகத்தில் சாயம் ஏற்றினீர்களா? சீரத்தின் ஆல்புமின் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சீரமில்லாத உப்புக் கரைசலில் இருமுறை கழுவிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். ஊடகத்தில் ஃபீனால் ரெட் இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள், பின்னணி குறையும். திசுவுக்குக் குழாய் வழியாகச் சாயம் செலுத்துவோர், சாயம் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்வதையும் கணக்கில் எடுக்க வேண்டும். திசுவுக்கு மிக அருகில் ஊசி வழியாகச் சில நிமிடங்களில் மெதுவாகச் செலுத்தினால் இழப்பு குறையும்.

டை-8-அனெப்ஸ் நீரில் கரைய மறுக்கும். அதை ஏற்றும் வரிசை முக்கியம்: 5 மில்லிமோலார் ஸ்டாக் 2 மைக்ரோலிட்டர், டிஎம்எஸ்ஓ என்னும் கரைப்பானில் கரைத்த 20 சதவீத ப்ளூரானிக் எஃப்-127 (சாயம் நீரில் பரவ உதவும் பொருள்) 2 மைக்ரோலிட்டர், இரண்டையும் முதலில் ஒன்றாகக் கலக்க வேண்டும். பிறகுதான் உப்புக் கரைசல் 1 மில்லிலிட்டரைச் சுழற்றிக்கொண்டே சேர்க்க வேண்டும். கிடைப்பது 10 மைக்ரோமோலார் சாயம், 0.04 சதவீத ப்ளூரானிக், 0.4 சதவீத டிஎம்எஸ்ஓ. அறை வெப்பத்தில் 10 முதல் 20 நிமிடம் வைத்துக் கழுவுங்கள். வரிசையை மாற்றி, சாயத்தை நேரே உப்புக் கரைசலில் விட்டால் சிவப்புத் துகள்களாகத் திரிந்துவிடும். குழாயின் அடியில் அந்தத் துகள்கள் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

*சோப்புக் கரைசலும் மங்கலாக இருந்தால்:* ஷட்டர் திறந்திருக்கிறதா, ஃபில்டர் கட்டை சரியானதா என்று பாருங்கள். அனெப்ஸுக்கு 530 நானோமீட்டரை ஒட்டிய பச்சைத் தூண்டு ஒளியும் 610 நானோமீட்டருக்கு மேல் கடத்தும் லாங்பாஸ் ஃபில்டரும் வேண்டும். வேறு பச்சைச் சாயத்துக்காக யாராவது கட்டையை மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள். இது சரியென்றால் ஸ்டாக்கைச் சந்தேகியுங்கள்: குப்பியை வெதுவெதுப்பாக்கிச் சுழற்றுங்கள், துகள்கள் கரைகின்றனவா பாருங்கள். ஈரம் படாமல், இருட்டில், சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைத்த ஸ்டாக் நீண்ட நாள் தாங்கும். வாரம் முழுக்கத் திறந்து மூடும் ஒரே குப்பி தாங்காது.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* பவர் மீட்டர் வைத்து ஆப்ஜெக்டிவிலிருந்து வெளிவரும் ஒளியை அளந்து, நிறுவியபோது குறித்த எண்ணில் பாதிகூட வரவில்லையென்றால் விளக்கோ ஒளிப்பாதை நேரமைவோ போய்விட்டது. லேசர் அமைப்பென்றால் நீங்களே திருகாணிகளைத் தொடாதீர்கள்.

## அறிகுறி: நன்றாக ஒளிர்கிறது, ஆனால் மின்னழுத்தச் சிக்னல் இல்லை

அதிக நேரத்தைத் தின்னும் கோளாறு இதுதான். படம் அழகாக இருப்பதால் எல்லாம் சரியென்று தோன்றும்.

செல் உயிரோடிருக்கிறதா? இறந்த செல்லுக்குள் சாயம் தாராளமாகப் புகுந்து உள்சவ்வுகளையெல்லாம் நிறைத்துவிடும். ஆகவே புலத்தில் மிகப் பிரகாசமான செல்லைத் தேர்ந்தெடுத்தால் பிணத்தைத் தேர்ந்தெடுத்திருக்க வாய்ப்பு அதிகம். சோடியத்தைக் குறைத்து 60 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு சேர்த்த கரைசலை ஊற்றிப் பாருங்கள். ஓய்வுநிலை மின்னழுத்தம் உள்ள செல்லில் முனைப்பியக்க நீக்கம் (உள்ளுக்கும் வெளிக்குமான மின்னழுத்த வேறுபாடு குறைவது) ஏற்பட்டு ஒளிர்வு படிபோல் மாறும். மாற்றமே இல்லையென்றால் கீழே படிப்பதை நிறுத்திவிட்டுச் செல் வளர்ப்பைக் கவனியுங்கள்.

சாயம் எங்கே இருக்கிறது? அதிக உருப்பெருக்கத்தில் ஒரு செல்லைக் கூர்ந்து பாருங்கள். ஓரத்தில் மெல்லிய வளையமாகத் தெரிந்தால் சாயம் வெளிச்சவ்வில் இருக்கிறது. நடுவில் புள்ளிகளும் மேகமும் தெரிந்தால் உள்ளே போய்விட்டது. உள்சவ்வுகளிலுள்ள சாயம் வெளிச்சவ்வின் மின்னழுத்தத்தை உணராது, பின்னணியை மட்டும் உயர்த்தும். 10 சதவீதம் தரவேண்டிய செல்லில் ஒளிர்வின் ஐந்தில் நான்கு பங்கு உள்ளிருந்து வந்தால் கையில் கிடைப்பது 2 சதவீதம். டை-4 ஒற்றைச் செல்களில், அதுவும் 37 டிகிரியில், நிமிடக்கணக்கில் உள்ளே நழுவும். டை-8 நெடுநேரம் வெளியே நிற்கும். தீர்வு: வளர்ப்புச் செல்களுக்கு டை-8, ஏற்றுவது அறை வெப்பத்தில், பதிவு அரை மணிக்குள்.

கேமரா நிரம்பிவிட்டதா? ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்கள். வலக்கோடியில் ஒரு செங்குத்துச் சுவர் நின்றால் அந்தப் பிக்சல்கள் நிரம்பிவிட்டன, அவை எந்த மாற்றத்தையும் காட்டா. 8-பிட் பதிவும் இதே வகைக் குற்றவாளி: 255 படிகளில் 1 சதவீதம் என்பது இரண்டரைப் படி. 12 அல்லது 16 பிட்டில் சேமியுங்கள். ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ கெயின் இரண்டையும் அணையுங்கள். சிக்னல் ஏறும்போது கேமரா தானே அதை இறக்கிச் சமன் செய்துகொண்டிருக்கும்.

ஃபில்டர் நிறமாலையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா? அனெப்ஸ் சாயத்தில் மின்னழுத்தம் மாறும்போது நிறமாலை இடம்பெயர்கிறது. ஒரு பக்கம் ஒளிர்வு ஏறும், மறுபக்கம் இறங்கும். அகலமான ஃபில்டர் வைத்து இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துவிடும். அதிக ஒளி கிடைக்கட்டும் என்று 550 லாங்பாஸ் போட்டவர்கள் படும் பாடு இது. ஓரத்துக்கு, அதாவது 610க்கோ 650க்கோ போங்கள். படம் மங்கும், சிக்னல் தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் இல்லையென்றால் ஒரே உறுதியான சோதனை பேட்ச் கிளாம்ப், அதாவது நுண்மின்முனையால் செல்லின் மின்னழுத்தத்தை நாமே நிர்ணயிக்கும் முறை: -70இலிருந்து +30 மில்லிவோல்ட்டுக்கு ஒரு படி கொடுத்து ஒளிர்வைப் பாருங்கள். உங்களிடம் அந்தக் கருவி இல்லையென்றால், இருக்கும் ஆய்வகத்தில் ஒரு நாள் கேட்டு வாங்குவது புதுச் சாயம் வாங்குவதைவிடப் பயனுள்ளது.

## அறிகுறி: சிக்னல் தலைகீழ்

பெரும்பாலும் கோளாறே அல்ல. பச்சைத் தூண்டலும் 610க்கு மேற்பட்ட சேகரிப்பும் இருந்தால் அனெப்ஸில் முனைப்பியக்க நீக்கம் ஒளிர்வைக் குறைக்கும். வழக்கமாகக் கோட்டைத் தலைகீழாக்கித்தான் அச்சிடுகிறார்கள். மென்பொருள் ஏற்கெனவே திருப்பிவிட்டதா என்று மட்டும் பாருங்கள், இருமுறை திருப்புவது அடிக்கடி நடக்கிறது. ஒரே படத்தின் இரு இடங்களில் எதிரெதிர்த் திசைகள் தெரிந்தால் அது அசைவு.

## அறிகுறி: இரைச்சலில் சிக்னல் மூழ்குகிறது

ஒளியைப் பாதியாக்குங்கள். எல்இடியின் மின்னோட்டத்தைக் குறைத்து அல்ல, அது விளக்கின் இரைச்சலையே மாற்றிவிடும். எல்லா நிறத்தையும் ஒரே அளவில் பாதி கடத்தும் என்டி ஃபில்டரை வைத்துக் குறையுங்கள். மூன்றாம் பதிவின் பிளாஸ்டிக் துண்டையே பயன்படுத்தி, இரைச்சலைச் சராசரி ஒளிர்வால் வகுத்து, முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள்.

*விகிதம் 1.4 மடங்கு கூடினால்:* ஃபோட்டான் இரைச்சல். கருவியில் குறையில்லை, ஒளி போதவில்லை. கணக்கு எளிது. ஒரு பிக்சலில் 30,000 எலெக்ட்ரான் சேர்ந்தால் இரைச்சல் அதன் வர்க்கமூலம், அதாவது 173. விகிதமாக 0.58 சதவீதம். 1 சதவீதச் சிக்னலை இதில் தேடுவது வீண். 8×8 பிக்சல்களைச் சேர்த்தால் இரைச்சல் எட்டில் ஒன்றாகி 0.07 சதவீதத்துக்கு இறங்கும், சிக்னல் தெளிவாக எழுந்து நிற்கும். அடுத்த வழி, எண் துளை (என்ஏ, ஒளியைச் சேகரிக்கும் திறன்) அதிகமான ஆப்ஜெக்டிவ். குறைந்த உருப்பெருக்கத்திலும் அதிக எண் துளை உள்ளதைத் தேடுங்கள். தூண்டு ஒளியைக் கூட்டுவது கடைசி வழி, வெளிறலும் (ஒளி பட்டுச் சாயம் மங்குவது) செல் சேதமும் கூடவே வரும்.

*விகிதம் மாறாவிட்டால்:* ஒளிமூலமே ஆடுகிறது, அல்லது மேசை அதிர்கிறது. கோட்டின் அதிர்வெண் நிறமாலையை எடுங்கள். 100 அல்லது 120 ஹெர்ட்ஸில் முள் தெரிந்தால் அறை விளக்கு அல்லது விளக்கின் மின்வழங்கி. அறையை இருட்டாக்கிச் சோதியுங்கள். பல எல்இடி இயக்கிகள் ஒளியைக் குறைக்க வேகமாக அணைத்து எரிக்கும் உத்தியைக் கையாளும். அது ஃபிரேம் வேகத்தோடு மோதி மெதுவான அலையாகத் தெரியும். நேர்மின்னோட்டத்தை அளவாகச் செலுத்தும் இயக்கியே வேண்டும். சீரற்ற, தாழ்ந்த அதிர்வெண்ணில் மேடு தெரிந்தால் அதிர்வு: கேமரா விசிறி, பெரிஸ்டால்டிக் பம்ப், குளிர்சாதனம். ஒவ்வொன்றாக 10 விநாடி அணைத்துப் பதிவெடுங்கள்.

*விகிதம் இரண்டு மடங்கானால்:* கேமராவின் வாசிப்பு இரைச்சல். குளிரூட்டல் இயங்குகிறதா, கெயின் அமைப்பு மாறியதா பாருங்கள். முதல் பதிவே 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் ஆடினால் நிலத்தொடர்பு வளையம் (கிரவுண்ட் லூப்). எல்லாக் கருவிகளையும் ஒரே மின்பலகையில் செருகுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் மின்பணியாளரை அழையுங்கள். நிலத்தொடர்புக் கம்பியைக் கழற்றிவிட்டு வேலை பார்ப்பது தீர்வல்ல, ஆபத்து.

## அறிகுறி: செயல்நிலை மின்னழுத்தத்தின் பின்னால் ஒரு கூனல்

இதயத் திசுவில் இது சுருக்கம். திசுவின் விளிம்பில், இரத்தக்குழாயின் இரு கரைகளில், பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களை எடுத்துப் பாருங்கள். ஒன்றில் மேடும் மற்றதில் பள்ளமும் ஒரே நேரத்தில் வந்தால் ஐயமே வேண்டாம்.

மாதிரியை இலேசாக அழுத்திப் பிடிக்கும் கண்ணாடித் தகடு எளிய முதல் வழி. அடுத்தது சுருக்கத்தை நிறுத்தும் மருந்தான ப்ளெபிஸ்டாட்டின், 5 முதல் 10 மைக்ரோமோலார். இதில் இரண்டு குழிகள் உண்டு. நீல ஒளி பட்டால் இது செயலிழந்து, செல்லுக்கு நஞ்சாகவும் மாறும். ஆகவே தூண்டல் பச்சையிலோ சிவப்பிலோ இருக்க வேண்டும், குப்பியும் இருட்டில். மற்றொன்று, குளிர்ந்த கரைசலில் இது படிகமாகி நுண்குழாய்களை அடைக்கும். 37 டிகிரிக் கரைசலில், கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள், ஓட்டப் பாதையில் ஒரு நுண்வடிகட்டி வையுங்கள். பழைய மருந்தான பிடிஎம் 15–20 மில்லிமோலாரில் சுருக்கத்தை நிறுத்தும், ஆனால் அயனி வாய்க்கால்களையும் தொடும். செயல்நிலை மின்னழுத்தத்தின் நீளத்தை அளப்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

மருந்தே கூடாதென்றால் இரு அலைநீள விகித முறை, அதாவது இரு அலைநீளங்களில் ஒளிர்வை எடுத்து ஒன்றை மற்றொன்றால் வகுப்பது. அது அசைவைக் குறைக்கும், முழுதாக நீக்காது.

## அறிகுறி: அலை எப்போதும் மேலிருந்து கீழாகவே பரவுகிறது

மாதிரியை 90 டிகிரி திருப்பி வையுங்கள். அலையும் திரும்பினால் திசுவினுடையது. திரும்பாமல் படத்தின் மேலிருந்து கீழாகவே போனால் கேமராவினுடையது. ரோலிங் ஷட்டர் கேமரா வரிசை வரிசையாகப் படிக்கிறது. முழுப்படத்தை விநாடிக்கு 100 ஃபிரேமில் எடுத்தால் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஏறத்தாழ 10 மில்லிவிநாடி இடைவெளி, அது போலியான கடத்து நேரமாகத் தெரியும். கேமரா முன் ஒரு எல்இடியைச் சட்டென்று எரித்தால் கண்ணாலேயே பார்க்கலாம்: அந்த ஒரு ஃபிரேமில் மேற்பாதி இருட்டு, கீழ்ப்பாதி வெளிச்சம். வரிசைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், எல்லா வரிசைகளையும் ஒரே நேரத்தில் பதியும் குளோபல் ஷட்டருக்கு மாறுங்கள், அல்லது வரிசைவாரியாக நேரத்தைத் திருத்துங்கள்.

ஏறுமுகம் மந்தமாகத் தெரிவது வேறு. விநாடிக்கு 500 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 2 மில்லிவிநாடி, அதைவிட வேகமானது எதுவும் அதில் பதியாது. தடித்த திசுவில் ஆழத்திலிருந்தும் ஒளி வந்து கலப்பதால் மின்முனைப் பதிவைவிட ஒளிப்பதிவின் ஏறுமுகம் இயல்பாகவே சாய்வாக இருக்கும். மென்பொருள் வடிகட்டலை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள், பாதி மந்தம் அங்கேயே போய்விடும்.

## அறிகுறி: அடிக்கோடு சரிந்துகொண்டே போகிறது

ஷட்டரை ஒரு நிமிடம் மூடித் திறங்கள்.

விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தால் வெளிறல். ஒளியைக் குறைத்து, பதிவு நேரத்துக்கு மட்டும் ஷட்டர் திறக்கும்படி அமையுங்கள். எஞ்சிய சரிவுக்கு அடுக்குக்குறி வளைவு பொருத்தி, அதனால் வகுங்கள். கழித்தால் பதிவின் இறுதியில் சிக்னல் சிறுத்துத் தெரியும்.

இருட்டிலும் குறைந்திருந்தால் சாயம் கழுவப்படுகிறது. ஓட்டக் கரைசலில் ஆல்புமின் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இடையில் மறுபடி ஏற்றுவதுதான் வழி. ஃபோகஸைத் தொட்டதும் ஒளிர்வு மீண்டால் வெப்பத்தால் மேடை நகர்கிறது. சூடாக்கியைப் பதிவுக்கு முன்பே போட்டு, வெப்பம் நிலைத்த பிறகு தொடங்குங்கள்.

## அறிகுறி: பதிவு போகப்போகச் செல் தன் போக்கை மாற்றுகிறது

துடிப்பு ஒழுங்கு கெடுவது, மின்னழுத்தத்தின் நீளம் கூடுவது, கடத்து வேகம் குறைவது. மூன்று தட்டுகள் வையுங்கள்: சாயம் மட்டும், ஒளி மட்டும், இரண்டும் சேர்ந்து. சாயம் மட்டுமே பாதித்தால் அளவு அதிகம். டை-4 இதயத் திசுவில் கடத்து வேகத்தைக் குறைப்பது அறிந்ததே, பாதி அளவில் முயலுங்கள். இரண்டும் சேர்ந்தால் மட்டும் கெட்டால் ஒளிநச்சு. ஒளி நேரத்தைக் குறைப்பதே முதல் மருந்து, ட்ரோலாக்ஸ் போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் அதன் பிறகு.

## மெதுவான சாயங்கள்: எண்கள் நிலைகொள்ளவில்லை

டைபேக் எதிர்மின்னேற்றம் கொண்டது. முனைப்பியக்க நீக்கத்தில் செல்லுக்குள் புகுந்து ஒளிரும். அது கரைசலுக்கும் செல்லுக்கும் இடையே சமநிலையில் நிற்பதால், ஏற்றிய பிறகு கழுவிவிட்டால் எல்லாம் முடிந்தது. பதிவு முழுக்க, மருந்து சேர்க்கும் கரைசல் உட்பட, ஒரே செறிவில் சாயம் இருக்க வேண்டும். மருந்தை ஊற்றியதும் ஒளிர்வு படியாகக் குறைகிறதென்றால், முதலில் மருந்தில்லாத கரைசலை ஊற்றிப் பாருங்கள். அதே படி வந்தால் அது வெறும் நீர்த்தல்.

பாக்டீரியாவில் பயன்படும் டிஸ்க்3(5) நேர்மின்னேற்றம் கொண்டது. செல்லுக்குள் குவிந்து ஒளிர்வை அடக்கிக்கொள்ளும், மின்னழுத்தம் சரிந்தால் வெளியேறி ஒளிரும். செல்லே இல்லாத குழியிலும் ஒளிர்வு நிமிடத்துக்கு நிமிடம் குறைகிறதா? சாயம் பாலிஸ்டைரீன் தட்டில் ஒட்டுகிறது. மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் பிஎஸ்ஏ (மாட்டுச் சீர ஆல்புமின்) சேர்த்தால் ஒட்டுவது குறையும். வேகச் சாயங்களில் விரட்டச் சொன்ன ஆல்புமினை இங்கே அழைக்கிறோம் என்பது வேடிக்கைதான்.

## அறிகுறி: மில்லிவோல்ட் எண் நம்பும்படி இல்லை

ஒரே அலைநீளத்தில் எடுத்த ஒளிர்விலிருந்து நேரே மில்லிவோல்ட் எழுத முடியாது. செல்லுக்குச் செல் சாயத்தின் அளவு மாறும். டை-8ஐ 440, 530 நானோமீட்டரில் மாற்றி மாற்றித் தூண்டி விகிதம் எடுத்தால் அந்த வேறுபாடு பெரும்பாலும் நீங்கும். பிறகு அளவீட்டுக் கோடு வேண்டும்: சவ்வில் பொட்டாசியத்தை மட்டும் கடக்கவிடும் வாலினோமைசின் சேர்த்து, வெளிப் பொட்டாசியத்தைப் படிப்படியாக மாற்றுங்கள். உள்ளே 150, வெளியே 5 மில்லிமோலார் என்றால் 37 டிகிரியில் -91 மில்லிவோல்ட். வெளியேயும் 150 என்றால் சுழி. இடையில் மூன்று புள்ளிகளாவது வையுங்கள்.

புள்ளிகள் நேர்கோட்டில் விழாமல் எதிர்மறைக் கோடியில் தட்டையாகிவிட்டால், மற்ற அயனிகளின் கசிவு இன்னும் வலுவாக இருக்கிறது. வாலினோமைசினைக் கூட்டிப் பாருங்கள். டைபேக்குடன் மட்டும் வாலினோமைசின் வேண்டாம், இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து ஒளிர்வைக் குழப்பும். அங்கே சோடியம், பொட்டாசியம் இரண்டையும் கடக்கவிடும் கிராமிசிடின் கொடுத்து, வெளிச் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பெரிய, சவ்வைக் கடக்காத நேரயனியால் படிப்படியாக மாற்றுங்கள்.